மூன்றாம் விளி

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களிடம் ஒரு கேள்வி. பத்து வயதில் யாராவது உங்கள் மேல் ஒரு பொய்யைச் சுமத்தியிருந்தால், அதை இதற்குள் மன்னித்துவிட்டீர்களா? மன்னித்திருந்தால் நல்லது, பக்கத்தைப் புரட்டிவிட்டு சர்க்கரை நோய்க் குறிப்புகளுக்குப் போய்விடலாம். எனக்கு அறுபத்தாறு வயது. நான் மன்னிக்கவில்லை. வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவள் நான். காலம் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் தள்ளுபடி செய்யப்பட்ட மனு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். மேல்முறையீட்டில் திரும்பி வரும்.

இது ஐம்பத்தாறு வருடம் கழித்துத் திரும்பி வந்த மனு. எதிர்த்தரப்பு, என் தாய்மாமா. அம்மாவின் ஒரே தம்பி. எண்பது வயதில் நலமாக இருக்கிறார். கண் மங்கிவிட்டதால் பேத்திதான் எதையும் வாசித்துக் காட்டுவாள். இதையும் அவள் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவரைப் பற்றி அவருக்குத் தெரிவிக்காமல் எழுதுவது முறையாகாது.

எங்கள் வீடு பூதப்பாண்டிக்கு வடக்கே. வாசலில் நின்று நிமிர்ந்தால் மலை. வரைபடத்தில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. நாங்கள் பெரிய மலை என்றுதான் சொல்வோம். அதன் உச்சியில் மயிலாடியில் செதுக்கிய ஒரு கல்விளக்கு உண்டு. இடுப்பளவு உயரம். அதை யார் சுமந்துகொண்டு ஏறினார்கள் என்பதற்கு ஊரில் நாலு கதைகள் உண்டு, நாலும் சொல்பவருடைய குடும்பத்துக்கே பெருமை சேர்க்கும். தை மாத வளர்பிறையில் எங்கள் தெருவிலிருந்து ஒரு குழு ஏறிப் போய் அந்த விளக்கை ஏற்றும். முதல் நாள் ஏற்றம், மறுநாள் இறக்கம். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகளை அழைத்துப் போவார்கள். அதற்கு மேல் கிடையாது. அந்த விதியை உருவாக்கியவர்களோடும் எனக்கு ஒரு கணக்கு உண்டு. அவர்கள் செத்துப்போய்விட்டதால் விட்டுவிடுகிறேன்.

அந்த வருடம் எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. நாகர்கோவிலில் விடுதியோடு கூடிய ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர் என் பெயரை எழுதி அனுப்பியிருந்தாள். அங்கே நூலகம் என்று தனியாக ஓர் அறை உண்டு என்றும், அதற்கு இரண்டு கதவுகள் என்றும் சொல்லியிருந்தாள். இரண்டாவது கதவு எதற்கு என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அப்பா பம்பாயில் மில் வேலை. ஆகவே வீட்டில் மாமாவின் வாய்ச்சொல்தான் உத்தரவு. இருபத்துநாலு வயது, மெலிந்த மீசை, மணிக்கட்டில் தங்கநிறக் கடிகாரம். அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் அவர் முதலில் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

"மலைக்கு வரட்டும் எக்கா. ஏறி எறங்கட்டும். வீட்ட விட்டு நிக்குமா, சொன்ன பேச்சு கேக்குமான்னு அதுல தெரிஞ்சிரும்லா. பொறவு பாப்போம்."

ஆக மலைதான் என் நுழைவுத் தேர்வு.

கீரிப்பாறைக்கு முதல் பஸ்ஸில் போனோம். ஒன்பது பேர். மாமா குழுத் தலைவர். அம்மாவின் அக்காளை நாங்கள் பெரியம்மை என்போம். அவள் மகனும் வந்தான், பதின்மூன்று வயது, எனக்கு அண்ணன் முறை. ரப்பர் தோட்டத்தைக் கடக்கும்போது பால் உறைந்த புளிச்ச நாற்றம் மூக்கில் ஏறியது. எல்லார் முழங்காலிலும் புகையிலைச் சாறும் உப்பும் தேய்த்துவிட்டார்கள், அட்டை ஏறாமல் இருக்க. ஆளுக்கொரு சுமை கொடுத்தார்கள். ஒருவருக்கு அவல், ஒருவருக்கு வெல்லம், அண்ணனுக்குப் போர்வைக் கட்டு. எனக்கு விளக்குக்கான எண்ணெய். அகன்ற வாயுள்ள பெரிய கண்ணாடிப் பாட்டில், பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கியது. துண்டில் கட்டி முதுகில் மாட்டிவிட்டார்கள். நடக்கும்போது எண்ணெய் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து என்னையும் சாய்த்தது.

தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் வழிப்பாறை. யானை படுத்துக் கிடப்பது போன்ற ஒரு பாறை. அங்கே எல்லாரையும் உட்கார வைத்து மாமா மலையின் முறைகளைச் சொன்னார். பாறையைத் தாண்டினால் யாரும் யாரையும் பெயர் சொல்லக் கூடாது. மலைக்குப் பெயர் தெரிந்துவிடும். மாமா, அண்ணன், மக்கா என்று முறை சொல்லித்தான் பேச வேண்டும். எங்கள் பக்கம் கூப்பிடுவதை விளிப்பது என்போம். யாராவது பின்தங்கினால் தலைவர் "மக்கா, ஓ" என்று விளிப்பார். முதல் விளிக்கும் இரண்டாம் விளிக்கும் பதில் சொல்லக் கூடாது, நின்ற இடத்தை விட்டு அசையவும் கூடாது. மலைக்கும் மனிதக் குரல் வரும், ஆனால் இரண்டு முறைக்கு மேல் அதனால் விளிக்க முடியாது. மூன்றாம் விளி வந்தால் அது மனிதன். அதற்கு "உண்டு" என்று குரல் கொடுத்துவிட்டுக் குரல் வந்த பக்கம் நடக்க வேண்டும்.

இப்போது யோசித்தால் இந்த விதியை வகுத்தவன் மேல் எனக்கு மரியாதைதான். பள்ளத்தாக்கில் குரல் நாலு பக்கமும் அடித்துத் திரும்பும். முதல் குரலைக் கேட்டு ஓடுகிறவன் எதிரொலியை நோக்கி ஓடிப் பள்ளத்தில் விழுவான். மூன்று முறை நின்று கேட்டால் திசை தெரியும். நல்ல நடைமுறை, பேயைச் சாட்சிக்கு வைத்து எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பத்து வயதில் எனக்குப் பேயே போதுமானதாக இருந்தது.

ஏற்றத்தைப் பற்றி நிறைய எழுதலாம். ஈரக் காட்டுக்குள் சூரியன் நாணயம் நாணயமாக விழுந்தது. கால் வைத்த இடமெல்லாம் இலைச் சகதி உறிஞ்சியது. ஓர் ஓடை குறுக்கே வந்தது, அங்கே வளைவில் குனிந்து வாயாலேயே தண்ணீர் குடித்தோம். பல்லின் வேர் வரை குளிர்ந்தது. காடு முடிந்ததும் புல்மேடு. அங்கே காற்று நம்மைத் தள்ளும், நாமும் காற்றைத் தள்ளித்தான் நிற்க முடியும். கடைசி ஏற்றத்தில் கைகளையும் ஊன்றினேன். ஒரு தடவைகூட "முடியாது" என்று சொல்லவில்லை, ஒரு தடவைகூட உட்காரவில்லை. தேர்வு எழுதுகிறவள் உட்கார்ந்து தூங்குவாளா?

உச்சியில் நின்றபோது தெற்கே கடல் தெரிந்தது. இராஜாக்கமங்கலம் பக்கம் கரை ஒரு வெள்ளைக் கோடாக இருந்தது. நான் நாகர்கோவிலைத் தேடினேன். பச்சைக்கு நடுவே புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. அதில் ஒரு புள்ளிக்கு இரண்டு கதவுகள் இருக்கின்றன என்று முடிவு செய்துகொண்டேன். பொழுது சாயும் நேரத்தில் என் பாட்டிலிலிருந்து எண்ணெய் ஊற்றி விளக்கை ஏற்றினார்கள். மாமா என் தலையில் கைவைத்து, "பரவாயில்லட்டி. எறிபந்து மாதிரி ஏறிட்ட" என்றார். அந்தக் கையின் எடையை இன்றும் தலையில் உணர்கிறேன். அது பிற்பாடு செய்ததற்கு முன்பணம் என்று அப்போது தெரியவில்லை.

மறுநாள் இறக்கம். மாமாவின் அவசரத்துக்குக் காரணம் உண்டு. அதற்கு மறுநாள் காலை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். கீரிப்பாறையிலிருந்து கடைசி பஸ் நாலரைக்கு. அதை விட்டால் அன்றைக்கு ஊர் போய்ச் சேர முடியாது. முன்னால் மாமா, பின்னால் நாங்கள், ஓட்டமும் நடையுமாக இறங்கினோம். ஓடை வளைவில் தண்ணீர் குடித்துவிட்டு நூறு இருநூறு அடி வந்திருப்போம். மாமா திரும்பிப் பார்த்தார்.

"பாட்டில் எங்கட்டி?"

துண்டு மட்டும் தோளில் இருந்தது. கழுவுவதற்காக எடுத்த பாட்டிலை ஓடைக்கரையிலேயே வைத்துவிட்டேன்.

"இரவல் பாட்டிலுல்லா? அவ வந்து வாசல்ல நிப்பா. ஓடிப் போயி எடுத்துக்கிட்டு வா. வேகம்."

கவனியுங்கள். நான் தானாகப் பின்தங்கவில்லை. அனுப்பப்பட்டேன். உத்தரவு வாய்மொழியாக இருந்தாலும் உத்தரவுதான்.

ஓடினேன். பாட்டில் கல்லோரம் இருந்தது. எடுத்து நிமிர்வதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. அங்கே பனி மேலிருந்து வராது, மரங்களுக்கு நடுவிலிருந்து பசுமாடு மாதிரி நடந்து வரும். எந்தப் பக்கம் வந்தேன் என்று தெரியவில்லை. அப்போது கேட்டது.

"மக்கா, ஓ."

மாமாவின் குரல்தான். நின்ற இடத்தில் நின்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது.

"மக்கா, ஓ."

பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உண்டு என்ற சொல்லை வாய்க்குள் தயாராக வைத்திருந்தேன். மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். என் வாழ்நாளில் ஒரு விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றிய முதல் சந்தர்ப்பம் அது. இரண்டாவது விளிக்கே ஓடியிருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பேன். ஆனால் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையா என்பதுதானே தேர்வு.

மூன்றாம் விளி வரவில்லை.

புலி வந்ததா, கரடி வந்ததா என்று எதிர்பார்ப்பவர்களுக்கு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். எதுவும் வரவில்லை. கால் விரலிடுக்கில் மூன்று அட்டைகள் வந்தன. இருட்டுவதற்கு முன் விறகு பொறுக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். தோட்டத்தில் ரப்பர் மரம் கீறிப் பால் எடுக்கிறவள். கையெல்லாம் பால் காய்ந்து தோல் போல உரிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் விறகுக் கட்டை இறக்கினாள்.

"பிள்ளே, ஒனக்க கூட ஆரு உண்டு?"

"மாமா. விளிச்சாரு."

"எத்தன விளி கேட்ட?"

"ரெண்டு."

அவள் கீழே பாதையைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். "அவரு மூணாவது விளிக்க மாட்டாரு பிள்ளே. எந்திரிச்சு வா."

நான் எழவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். கையைப் பிடித்து இழுத்தாள், வேரைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாதையில் இருபது அடி கீழே நடந்துபோய், பனிக்குள் முக்கால்வாசி மறைந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து விளித்தாள்.

"மக்களே, ஓ."

"உண்டு" என்றேன். எழுந்து அவள் குரல் வந்த பக்கம் நடந்தேன்.

அவள் குடியிருப்பில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் பால் விடாத கட்டன் சாயாவும் கொடுத்தாள். என் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, பால் உறைய வைக்கும் ஆசிட்டை ஊற்றி வைக்க இதுபோல் ஒன்று இல்லை என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். நான் கொடுத்துவிட்டேன். காலையில் வேலையை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் என்னை ஊருக்கு அழைத்து வந்தாள்.

வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. உள்ளே ஜமுக்காளம் விரித்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தட்டில் ஏத்தங்காய் உப்பேரி. மாமா குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டையில் இருந்தார். அம்மா அடுக்களை வாசலிலிருந்து என்னைப் பார்த்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. கையில் காப்பித் தட்டு இருந்தது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

அந்தக் கணத்தை நான் ஐம்பத்தாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் வருகிற கூட்டத்தோடு வருவாள், விடிந்ததும் ஆள் அனுப்புகிறேன், பெண் வீட்டார் போகும்வரை வாயைத் திறக்காதே என்று மாமா இரவே சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு கூட்டம் பின்னால் வரவேயில்லை என்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இருந்தும் வாழைக்காய் சீவியிருக்கிறாள், உப்பேரி வறுத்திருக்கிறாள். தட்டில் ஒரு டம்ளர்கூடத் தளும்பவில்லை.

மாமாவுக்குப் பார்த்த பெண்ணின் அப்பா என் சகதிக் காலையும் கிழிந்த பாவாடையையும் பார்த்தார். "இது ஆருக்க பிள்ள?"

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "அக்காளுக்க மவ. மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். சொன்னா கேக்காது, பாத்துக்கிடுங்க. மூணு விளி விளிச்சேன். வேணும்னே வராம நின்னுட்டா. தோட்டத்துல சொல்லி ஆள் விட்டுல்லா கொண்டு வரச் சொல்லியிருக்கேன்."

என்னை அழைத்து வந்த பெண் வாயைத் திறந்தாள். அம்மா அவளைப் பின்வாசலுக்கு அழைத்துப் போனாள். பெண்ணின் அப்பா மலைப்பக்கத்துக்காரர், முறை தெரிந்தவர். "மூணும் விளிச்சியளா?" என்றார்.

மாமா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்துச் சொன்னான். "ஓம். மூணு."

"ரெண்டுதான்" என்று நான் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லையா, கேட்டும் எடுத்துக்கொள்ளவில்லையா, தெரியாது. பெண்ணின் அப்பா அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். அது என்ன கேள்வி என்று அப்போது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அவர் ஒரு பிடி உப்பேரியை எடுத்துக்கொண்டார்.

கல்யாணம் நிச்சயமானது. பெண் வீட்டார் போனபின் மாமா பாட்டில் எங்கே என்று கேட்டார். கொடுத்துவிட்டேன் என்றேன். "பாத்தியா எக்கா? பாட்டிலையும் தொலச்சிட்டு வந்து நிக்கா. இவள ஆஸ்டல்ல விட்டா நம்ம பேரக் கெடுத்திருவா." அம்மா சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. டீச்சர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தாள். ஜூன் மாதம் உள்ளூர்ப் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். நூலகம் ஓர் இரும்பு அலமாரி. அதற்குச் சாவி கிடையாது, திறந்தே கிடக்கும் என்று நினைக்காதீர்கள், பூட்டியே கிடந்தது.

அதன்பிறகு நான் படித்தேன், தேர்வு எழுதினேன், வேலைக்குப் போனேன். அது என் சாமர்த்தியம். அதை மாமா, "நான் கண்டிச்சு வளத்ததாக்கும்" என்று சொல்லிக்கொண்டார்.

அண்ணன் உண்மையைச் சொன்னது பெரியம்மையின் பதினாறாம் நாள் சாப்பாட்டில், இருவருக்கும் நரைத்தபின். பாயசத்தைப் பப்படத்தோடு பிசைந்துகொண்டே சொன்னான்.

"ரெண்டுதான் விளிச்சாருட்டி. மூணுன்னு சொன்னா கல்யாணக் கார்ல முன்சீட்டு தாறேன்னாரு."

"தந்தாரா?"

"தந்தாரு. பாட்டும் போட்டாவ."

"இத எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுத் தா."

"ஒனக்குக் கிறுக்காட்டி" என்று இலையை மூடிவிட்டு எழுந்துபோனான். அடுத்த வருடமே இறந்தும் போனான். வாய்மொழி வாக்குமூலம், சாட்சி உயிரோடு இல்லை. கோப்பில் வைக்க ஒரு தாளும் இல்லை.

இதையெல்லாம் நானே புதைத்திருப்பேன், மாமா விட்டிருந்தால். அவர் விடவில்லை. மலைக்குப் போகும் குழுவுக்கு அவர்தான் இன்றுவரை தலைவர். உச்சிவரை போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் ஒவ்வொரு தையிலும் வழிப்பாறைவரை வந்து, புதிதாக ஏறுகிறவர்களை உட்கார வைத்து முறைகளைச் சொல்வார். முறைக்கு உதாரணம் வேண்டுமே. உதாரணம் நான். போன வருடம் அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி அதை வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

"எனக்க சொந்த மருமவ. மூணு விளி விளிச்சேன். வரல்ல. இன்னைக்கு அவ பெரிய ஆப்பீசரு. ஆனா அன்னைக்குப் பேச்சு கேட்டிருந்தா இன்னும் எங்கயோ போயிருப்பா."

கீழே இருபத்தேழு கைகூப்பும் படங்கள்.

இந்த வருடம் வனத்துறை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டிய நேரத்தில் பேத்தி என்னைத் தேடி வந்தாள். "அத்தை, நீங்கதான் எழுதித் தரணும். பாதுகாப்பு நடைமுறைன்னு ஒரு தாளு வேற கேக்காவ." ஆட்கள் பட்டியல், அடையாள அட்டை நகல், உறுதிமொழி எல்லாவற்றையும் எழுதினேன். பாதுகாப்பு நடைமுறைக்கு மாமாவின் வீட்டுக்கே போனேன். சாய்வு நாற்காலியில் இருந்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதுவது என்று ஏற்பாடு. அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

"எழுதுட்டி. ஒண்ணு, பேரு சொல்லி விளிக்கப்பிடாது. ரெண்டு, மூணாவது விளிக்குத்தான் பதிலு சொல்லணும். அதுவரைக்கும் நிந்த எடத்துலயே நிக்கணும்."

எழுதினேன். "மூணாவது விளிக்கும் பதிலு வரலன்னா?"

"வரலன்னா தலைவன்தான் திரும்பிப் போவணும். வேற ஆளை விடப்பிடாது. ஆளக் காணாம மலை எறங்கப்பிடாது. அதுதான் பெரிய சட்டமாக்கும். எனக்க அப்பா காலத்துலருந்தே உள்ளது."

என் பேனா நின்றது. சிறுபிள்ளைகளுக்கு முதல் இரண்டை மட்டும்தான் சொல்வார்கள். மூன்றாவது, தலைவனாகப் போகிறவர்களுக்கு மட்டும். பெண்ணின் அப்பா கேட்காமல் விட்ட கேள்வி அதுதான். மூன்று விளி விளித்தது உண்மையென்றால் அவர் திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டுதான் விளித்தார் என்றால் ஐம்பத்தாறு வருடமாகச் சொன்னது பொய். அவருக்குத் தப்பிக்க மூன்றாவது வழி இல்லை. அந்தக் கதவை அவரே பூட்டிச் சாவியை என் கையில் தந்துவிட்டார்.

"நாலாவதா ஒண்ணு சேக்கட்டா மாமா? இத வழிப்பாறையில வச்சு எல்லாரு முன்னாடியும் வாசிக்கணும்னு?"

"நல்ல காரியம்லா" என்றார். தாளின் அடியில் அவர் விரலைப் பிடித்து வைத்து இடம் காட்டினேன். பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். எல்லாரும் போடுவது போலத்தான், வாசித்துக் காட்டச் சொல்லாமல்.

ஜீப் இப்போது வழிப்பாறைவரை போகிறது. தோட்டத்து நாற்றம் மாறவில்லை. அந்தக் குடியிருப்பு இருந்த இடத்தில் இப்போது மரங்கள்தான். வேலையில் இருந்தபோது ஒருமுறை போய் விசாரித்தேன், என்னை அன்று அழைத்து வந்தவளை யாருக்கும் தெரியவில்லை. என் முழங்கால் இரண்டும் ஜீப்பிலிருந்து இறங்கவே யோசித்தன. புதியவர்கள் பதினோரு பேர், எல்லாரும் இருபது இருபத்திரண்டு வயது. பெண்களுக்கு இருந்த வயது விதி போய்ப் பல வருடம் ஆகிறது. மாமா சிவப்புச் சால்வை போர்த்திப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்து என் கதையைச் சொன்னார். நான் பக்கத்திலேயே இருந்ததால் இம்முறை கூடுதல் கனிவோடு சொன்னார். பிறகு பேத்தி தாளை எடுத்து வாசித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றைக் கேட்டதும் பாறையோரம் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். வஞ்சகம் எதுவும் இல்லாத முகம்.

"அப்பம் தாத்தா, அன்னைக்கு நீங்க திரும்பிப் போனியளா?"

மாமா கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது அவர் கடிகாரம் கட்டுவதில்லை. வெறும் மணிக்கட்டைத்தான் பார்த்தார்.

"பஸ்சு போயிரும்லா மக்கா" என்றார்.

பேத்தி தாளைப் பார்த்தாள், தாத்தாவைப் பார்த்தாள். "அப்பம் மூணாவது விளி?"

"அது பழைய கதையில்லியா. மறுநாளு பெண்ணு வீட்டுக்காரங்க வாறாவ. நாலரை பஸ்சு." சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ரெண்டு விளிச்சேன். சத்தமாத்தான் விளிச்சேன்."

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு இரண்டு மூன்று பேர். கெட்ட சிரிப்பில்லை, தாத்தாக்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. மாமா என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேட்டி. நான் சத்தமா விளிச்சேனா இல்லியா?"

"நல்ல சத்தம் மாமா" என்றேன். "ரெண்டும் கேட்டது."

அவர் எழுந்தார். ஏறுகிறவர்களோடு ஓடை வளைவுவரை போய் வழியனுப்புவது தலைவரின் கடமை, அதை ஒருபோதும் விட்டதில்லை என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தார். சிரித்தவர்கள் மத்தியில் தன் நடையையாவது காட்ட வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கும். திரும்பும்போது கூட வருகிறேன் என்று பேத்தி சொன்னதற்கு, "நீ ஏறு மக்கா, எனக்கு வழி தெரியாதா" என்றார்.

நானும் ஜீப் டிரைவரும் இருந்தோம். முக்கால் மணி நேரம் போனது. இளையவர்களின் பேச்சுச் சத்தம் மேலே போய்க் கரைந்தது. மரங்களுக்கு நடுவிலிருந்து பனி நடந்து வந்தது, அதே பசுமாட்டு நடை. ஓடை வளைவுக்குச் சற்று இந்தப் பக்கம், நாணலுக்கு மேலே, சிவப்புச் சால்வையின் ஓரம் மட்டும் தெரிந்தது. அசையவில்லை. வழி தவறியது தெரிந்து, முறைப்படி நின்றுவிட்டார்.

டிரைவர் போனைப் பார்த்தான். "யக்கா, பதினோரு மணிக்குக் கீழ எனக்கு வேற ஓட்டம் உண்டு. பெரியவர விளிங்க."

எழுந்து பாறைமேல் கைவைத்து நின்றேன். இரண்டு கையையும் வாயருகே குவித்தேன்.

"மாமா, ஓ."

சால்வை ஒருமுறை சிலிர்த்தது. பதில் இல்லை. சரிதான்.

"மாமா, ஓ."

பதில் இல்லை. இன்று காலைதான் பதினோரு பேர் முன்னால் முறை தவறியவர் என்று ஆகியிருக்கிறார். டிரைவருக்கு முன்னால் இன்னொரு முறை தவற மாட்டார். வாய்க்குள் அந்தச் சொல்லைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்பார்.

இரண்டாம் விளிக்கும் மூன்றாம் விளிக்கும் நடுவே எவ்வளவு நேரம் விடலாம் என்று அந்தத் தாளில் எதுவும் இல்லை. எழுதும்போதே அந்தக் குறையைக் கவனித்தேன். சுட்டிக்காட்டவில்லை.

பாறையில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தேன். கட்டன் சாயா இன்னும் ஆவி பறந்தது. மூடியில் ஊற்றி டிரைவரிடம் நீட்டினேன்.

"யக்கா, இன்னொரு மட்டம் விளிக்கப்பிடாதா?"

"விளிக்கலாம்" என்றேன். "சூடா இருக்கு. பைய குடி."